பனி பிடிக்காத பாதி

பல்கேரியாவில், எங்கள் க்யுஸ்தெந்தில் ஊரில் செர்ரி பூத்துவிட்டால் எனக்குப் பட்டறையில் கால் தரிக்காது. நான் பல் செட் செய்கிறவன். அந்த இரண்டு வாரம், என்னிடம் பல்லுக்குச் சொல்லி வைத்தவர்கள் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத்தான் தின்ன வேண்டும். ஊருக்கே இது தெரியும். திட்டிக்கொண்டே காத்திருப்பார்கள். நான் தாளையும் வண்ணப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு மேட்டுத் தோட்டங்களுக்குப் போய்விடுவேன். போன வருடம் வரை கூடவே ஸ்லாவ்சோ வருவான்.

இந்த வருடம் பூத்தும் நான் போகவில்லை. அந்தப் பக்கத்து சன்னலைக்கூடத் திறக்கவில்லை. போன அக்டோபரில் ஸ்லாவ்சோ செத்துப்போனான். குடித்துவிட்டு ஏணியிலிருந்து விழுந்தான் என்று ஊர் சொல்கிறது. விழுந்ததும் உண்மை, குடித்திருந்ததும் உண்மை. அவன் மறுபடி எப்படிக் குடிக்க ஆரம்பித்தான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்லாமலே மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று இருந்தேன்.

வாசகசாலை டொன்கா வந்து அதைக் கெடுத்தாள். வியாழக்கிழமை தோறும் எங்களைப் போன்ற கிழங்களைக் கூட்டி நீர்வண்ணம் வரையவைப்பவள் அவள்தான். ஏப்ரல் முடிவில் அந்தப் படங்களை வாசகசாலைக் கூடத்தில் மாட்டி ஒரு வசந்தக் கண்காட்சியும் நடத்துவாள்.

"அண்ணே, ஸ்லாவ்சோவோட அந்தப் பனிக்காலைப் படம் உங்ககிட்டதானே இருக்கு? இந்தத் தடவை நடுச்சுவத்துல அதைத்தான் மாட்டப்போறேன்."

"அதுல கையெழுத்தே இல்ல டொன்கா."

"கையெழுத்து எதுக்கு? அப்படி ஒரு வெளிச்சத்தை இந்த ஊர்ல வேற யாரு வரைஞ்சா, நீங்களா?" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அவர் பொண்டாட்டி இஸ்க்ராகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்ல? கேட்டேன். 'மூணு வருஷம் குடிக்கலைன்னு என்னை ஏமாத்தினவன் படத்தை எங்க வேணா மாட்டு, என்கிட்ட ஏன் கேக்குற'ன்னு கதவைச் சாத்திட்டா. பதினாலாம் தேதியோட ஆறு மாசம். அஞ்சலித் தாள்கூட ஒட்டப்போறதில்லையாம். நாப்பதாம் நாளுக்கும் ஒட்டல. பாவம்ணே அந்த மனுஷன்."

எங்கள் ஊரில் செத்தவன் அவ்வளவு சீக்கிரம் தெருவை விட்டுப் போய்விட மாட்டான். நாற்பதாம் நாள், ஆறு மாதம், ஒரு வருடம் என்று படம் போட்ட தாளை அச்சடித்து, வீட்டுக் கதவிலும் மின்கம்பத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டிக்கொண்டே இருப்போம். ஒட்டியதை யாரும் கிழிப்பதில்லை, மழைதான் கழுவும். ஒட்டாமல் விட்டால் வீட்டாரே அவனைக் கைகழுவிவிட்டார்கள் என்று பொருள். ஸ்லாவ்சோவை இஸ்க்ரா கைகழுவிவிட்டாள். அதற்குக் காரணம் நான்.

அன்று முழுக்க ஒரு பல்லும் ஓடவில்லை.

ஸ்லாவ்சோ வீடுகளுக்கு வெள்ளையடிப்பவன். நாற்பது வருடம் வெள்ளையடித்தான், நாற்பது வருடம் குடித்தான். மகள் கல்யாணத்தில் மேளக்காரனின் பெரிய மேளத்தின் மேலேயே விழுந்து அதைக் கிழித்தான். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். இஸ்க்ரா சிரிக்கவில்லை, மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்குக் குடியை விட்டவன்தான். ஒரு மாதம் பார்த்துவிட்டு அவள் திரும்பி வந்தாள். சும்மா இருந்தால் கை நடுங்குகிறது என்று அவனை வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு அனுப்பியதும் அவள்தான்.

முதல் நாளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "வெள்ளையைக் காணோமே?" என்றான்.

"நீர்வண்ணத்துல வெள்ளை கிடையாது. தாள்தான் வெள்ளை. பூ வேணும்னா அந்த இடத்தைத் தொடாம விடணும்."

"வாழ்நாள் பூரா வெள்ளையடிச்சவன்கிட்ட வந்து வெள்ளையே கிடையாதுங்கறியே, டேய் பல்லு!" அவன் சிரித்த சிரிப்பில் டொன்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

ஆனால் தொடாமல் விடுவது அவனுக்கு வந்தது. எனக்கு முப்பது வருடமாக வராதது. நான் ஒவ்வொரு இதழுக்கும் ஓரம் கட்டி, வெளிச்சத்தைச் சாகடித்துவிடுவேன். அவன் ஈரத்தாளில் லேசாக மஞ்சளை ஓடவிட்டு, அது காயும் முன் அதன் பக்கத்தில் ஊதாவைத் தொட்டுவைத்து, கையைக் கட்டிக்கொண்டு உட்காருவான். அது தானாக ஏப்ரல் மாதமாகிவிடும். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

அவனிடம் ஒரு கெட்ட பழக்கம். தூரிகை நுனியை உதட்டில் வைத்து ஈர்த்துத்தான் கூராக்குவான். "அந்த மஞ்சள்ல விஷம் இருக்குடா, ஒரு நாள் இதுலதான் சாகப்போறே" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். "குடியே கொல்லல, மஞ்சளா கொல்லும்?" என்பான்.

குளிரில் வரைகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு தந்திரம் தெரியும். தண்ணீரில் கொஞ்சம் ராக்கியா ஊற்றிவிட்டால் அது தாளில் உறையாது. பிளம்பழச் சாராயமானாலும் சரி, திராட்சைச் சாராயமானாலும் சரி. நானும் ஒரு சிறு புட்டி வைத்திருப்பேன். ஸ்லாவ்சோ கூட இருந்த மூன்று வசந்தத்திலும் அதை உள்பையிலேயே வைத்து, அவன் அந்தப் பக்கம் திரும்பும்போது என் கிண்ணத்தில் மட்டும் ஊற்றிக்கொள்வேன். மூடியை அவன் முன்னால் திறந்ததில்லை. அவனுடைய தண்ணீர் உறைந்தால் உறையட்டும் என்று விட்டுவிடுவேன். அவ்வளவு கவனமாக இருந்தவன் நான்.

போன வருடம் ஏப்ரல் நடுவில், பூ முழுக்க விரிந்திருந்த சமயத்தில், விடியலில் கடும்பனி என்று வானொலி சொன்னது. இந்த மாதிரி நாளில் தோட்டக்காரர்கள் விடியும் முன்பே வரிசைக்கு வரிசை ஈர வைக்கோலைக் குவித்துக் கொளுத்துவார்கள். புகை மரத்தின் மேல் போர்வையாகப் படுத்துக்கொண்டு பூவைக் கருகவிடாமல் காக்கும். ஊரே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நின்றது. நான், என் வாய் அழுக, சந்தோஷப்பட்டேன். அந்தப் புகைக்குள் சூரியன் வருகிற வெளிச்சம் சில வருடங்களுக்கு ஒரு முறைதான் கிடைக்கும்.

"ஊரே அடிச்சிக்குது, நீ தூரிகையைத் தூக்கிட்டு வர்றே. உனக்கு நல்ல சாவே வராதுடா பல்லு" என்றான் ஸ்லாவ்சோ, மேடு ஏறும்போது.

"நீயும்தானே வர்றே?"

"எனக்கும் வராது" என்று சிரித்தான்.

மேட்டில் உட்கார்ந்தபோது விரல் மரத்துப்போயிருந்தது. ஸ்லாவ்சோ முதலில் வானத்தை ஓடவிட்டான். சாயம் தாளில் பட்ட கையோடு உறைந்தது. நீலம் அப்படியே கோடு கோடாக, இறகு இறகாகப் பிரிந்து நின்றது. "பாருடா, பனியே வரையுது. எனக்கு இங்க வேலையில்ல" என்றான். அந்த நேரம் கீழ் வரிசையில் ஒரு குவியல் அணைந்துவிட்டது. தோட்டக்காரர் கத்திக் கூப்பிட்டார். ஸ்லாவ்சோ தாளை முழங்காலிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, வைக்கோல் இழுக்க ஓடினான்.

நான் கிழக்கைப் பார்த்தேன். புகையின் அடி ஓரம் சிவக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் ஐந்து நிமிடம், அப்புறம் ஒரு கால் மணி நேரம், அவ்வளவுதான் அந்த வெளிச்சத்துக்கு ஆயுள். அவன் கிண்ணத்தைப் பார்த்தேன். மேலே கண்ணாடிபோல் பனி கட்டியிருந்தது. இதை வைத்துக்கொண்டு இவன் எப்படி வரைவான், போச்சே, போச்சே என்றுதான் என் மனம் அடித்துக்கொண்டது. பனியை உடைத்துக் கொட்டினேன். என் கிண்ணத்திலிருந்து பாதியை ஊற்றினேன். புட்டியில் மிச்சமிருந்ததையும் ஊற்றினேன். அந்த நேரத்தில் ஸ்லாவ்சோ என்ற மனிதன் என் நினைவில் இல்லை. அவன் படம் மட்டும்தான் இருந்தது.

அவன் வந்ததும் சொல்லத்தான் நினைத்தேன். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிவந்தான், உட்கார்ந்தான், சூரியன் வந்தது. வெளிச்சம் நிற்கும்வரை யாரும் பேசக்கூடாது என்பது எங்களுக்குள் ஒரு விதி. விதியைக் காப்பாற்றினேன். வைக்கோல் புகை மூக்கை அடைத்திருந்தது. அவனுக்கு வாசனை தெரிந்திருக்காது.

வண்ணம் ஓடியது. வெளிறிய ரோஜா நிறம் புகைக்குள் புகுந்தது, அதன் அடியில் ஊதா, இடையிடையே தொடாத தாள், பூப்பூவாக. பிறகு கிளைக்கு நேரம் வந்தது. கிளைக்குக் கூர்நுனி வேண்டும். அவன் தூரிகையை உதட்டுக்குக் கொண்டுபோனான்.

கை அப்படியே நின்றது. கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் என் தாளைப் பார்த்தேன்.

அவன் ஒரு கிளை போட்டான். தூரிகையைத் தண்ணீரில் முக்கி மறுபடி உதட்டில் வைத்தான். இன்னொரு கிளை. மறுபடி. அடிமரம் போட்டான், அடிமரத்துக்குக் கூர்நுனியே தேவையில்லை. அதற்கும் உதட்டில் வைத்தான். நான் ஓரக்கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலை நீட்டினால் போதும், கிண்ணத்தைத் தட்டிவிட்டிருக்கலாம். தட்டவில்லை. படம் அப்படி வந்துகொண்டிருந்தது. முதலில் ஊற்றியது தவறு என்றால், இது தவறில்லை, பாவம்.

வெளிச்சம் போனதும் அவன் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான். கலங்கிய ஊதாத் தண்ணீர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாக மரத்தடியில் ஊற்றினான். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது.

"கையெழுத்துப் போடலியா?" என்றேன்.

"வேணாம். நீயே வச்சுக்க. இதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது" என்றான். மேடு இறங்கும்போது எனக்கு முன்னால் வேகமாக நடந்தான்.

அடுத்த வியாழன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மே மாதம் பேருந்து நிலையத்துப் பின்புறச் சாராயக் கடையில் அவனைப் பார்த்ததாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. ஒரு தடவை தெருவில் எதிரே வந்தான். நான் ரொட்டிக்கடைக்குள் நுழைந்து, தேவையில்லாத ரொட்டி வாங்கினேன். அக்டோபரில் ஒரு மாடிப்படிக் கூடத்துக்கு வெள்ளையடிக்கும்போது விழுந்தான்.

டொன்கா வந்துபோன மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, படத்தை அட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு இஸ்க்ரா வீட்டுக்குப் போனேன். சமையலறையில் உட்காரச் சொன்னாள். காபி வைத்தாள். சுவரெல்லாம் அவன் அடித்த வெளிர்மஞ்சள். அந்தச் சுவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"டொன்கா அனுப்பினாளா அண்ணே? நான்தான் அவகிட்ட சொல்லிட்டேனே."

"நானாத்தான் வந்தேன். இந்தப் படத்தை ஒரு தடவை பாரு இஸ்க்ரா."

"பாக்குறதுக்கு என்ன இருக்கு? மோந்து பாத்தா நாத்தம்தான் வரும்" என்றாள். ஆனாலும் அட்டையைத் திறந்ததும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "இப்படியெல்லாம் வரைஞ்சுக்கிட்டு ராத்திரில ஒளிச்சு வச்சுக் குடிச்சிருக்கான் பாருங்க. சுண்ணாம்பு டப்பாவுக்குப் பின்னாடி புட்டி. மே மாசம் கண்டுபிடிச்சேன். எத்தனை நாளா இருந்துச்சோ."

"வானத்தைப் பாரு. இறகு இறகா இருக்குல்ல?"

"ஆமா."

"அது பனி. வெறும் தண்ணியில போட்டது, உறைஞ்சு போச்சு. கீழ பாரு. மரம், புகை, பூ. பனியே பிடிக்கல. வழுவழுன்னு ஓடியிருக்கு. ஒரே தாளு, ஒரே காலை."

"அதுக்கு என்ன இப்ப?"

"கீழ்ப்பாதியில சாராயம் இருக்கு இஸ்க்ரா. நான் ஊத்தினேன். அவன் அந்தப் பக்கம் போயிருந்தப்ப, அவனுக்குத் தெரியாம. அவன் தூரிகையை வாயில வைப்பான்ல? வச்சான். அப்பதான் அவனுக்கே தெரிஞ்சுது. நான் பாத்துக்கிட்டே இருந்தேன், தடுக்கல. அதுக்கு முன்னாடி மூணு வருஷத்துல ஒரு சொட்டு அவன் வாயில படல. எனக்குத் தெரியும். நான் கூடவே இருந்தேன்."

அவள் கோபப்படுவாள், கத்துவாள், காபியை என் மூஞ்சியில் ஊற்றுவாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன். அவள் விரலால் தாளைத் தொட்டாள். வானத்தைத் தொட்டாள், பிறகு கீழே, பூவுக்காக விட்டிருந்த வெள்ளையைத் தொட்டாள்.

"அப்போ மூணு வருஷமும் நெசம்" என்றாள்.

"நெசம்."

"யாரு ஊத்திக் குடுத்தாங்கன்னு எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா? யாருமில்ல, நானேதான், நானேதான்னான். மூணு வருஷம் தொடல இஸ்க்ரா, இது இப்பதான், நம்பு இஸ்க்ரான்னான். பொய்யன்னு சொன்னேன். தலகாணியைத் தூக்கிக் கூடத்துல போட்டேன். அக்டோபர்ல அன்னிக்குக் காலையில வேலைக்குக் கிளம்பும்போதும் அதைத்தான் சொன்னேன். பொய்யன்னு. திரும்பிப் பாத்துட்டுப் போனான்."

என் பெயரை அவன் சொல்லவில்லை. ஐந்து மாதம் தினமும் பொய்யன் என்று திட்டு வாங்கியிருக்கிறான், என் பெயரை மட்டும் சொல்லவில்லை. நான் ரொட்டிக்கடைக்குள் ஒளிந்துகொண்டிருந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். அவள் அழவில்லை.

"அவரு உயிரோட இருந்த அந்த ஆறு மாசத்துல ஒரு நாள் வந்து சொல்லியிருந்தா?" என்று கேட்டாள். குரல் உயரவில்லை. "ஒரே ஒரு நாள்?"

"பயமா இருந்துச்சு."

"யாருக்கு?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"இத்தனை நாளும் அவரைத் திட்டிக்கிட்டு இருந்தேன். திட்டிக்கிட்டாவது இருந்தேன். இனிமே அதுவும் இல்ல." படத்தை எடுத்து அடுப்புக்கு மேலே இருந்த தட்டில் சாய்த்து வைத்தாள். "இது இங்கயே இருக்கட்டும். நீங்க போங்க."

பதினாலாம் தேதி காலை பட்டறையைத் திறக்கப் போனேன். கதவில் அஞ்சலித் தாள் ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை. ஸ்லாவ்சோ தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தான். பொது இடங்களை விட்டால், செத்தவன் வீட்டுக் கதவிலும் சொந்தக்காரர் கதவிலும்தான் ஒட்டுவார்கள். என் கதவில் எதற்கு ஒட்டினாள் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

ஆறு மாதம் ஆகிறது. வீடுகளுக்கு வெள்ளையடித்தவர். படம் வரைந்தவர். மூன்று வருடம் ஒரு சொட்டும் தொடாதவர். இப்படிக்கு, நம்பாமல் போனவள், இஸ்க்ரா.

அதன் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தாள். அச்சில் அப்படி இடம் விட மாட்டார்கள். தாள் வீணாகும் என்று நெருக்கித்தான் அடிப்பார்கள். அவள் கேட்டுத்தான் விடவைத்திருக்க வேண்டும். பல் அளவு குறிக்கிற பேனாவை எடுத்துவந்து, அந்த இடத்தில் எழுதினேன்: சொல்லாமல் போனவன், மெத்தோதி.

பிறகு தெருமுனைக் கம்பத்துக்குப் போனேன். அதிலும் இடம் விட்டிருந்தது. பேருந்து நிறுத்தத்திலும் விட்டிருந்தது. வாசகசாலைக் கதவில் நான் எழுதிக்கொண்டிருந்தபோது டொன்கா வெளியே வந்து படித்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் "அண்ணே, நீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். இரண்டு மாதமாகப் பல்லுக்குக் காத்திருக்கும் கிழவர் ஒருவர், என்ன எழுதுகிறாய் என்று நின்று கேட்டார். படிங்க என்றேன். படித்துவிட்டுப் போனார். முப்பது தாள் ஒட்டியிருப்பாள். மத்தியானம் ஆகிவிட்டது. மேட்டில் செர்ரி பூத்திருந்தது. அன்றைக்குப் பனியும் இல்லை, புகையும் இல்லை.

கடைசியாக அவள் வீட்டுக் கதவு. அதிலும் அதே இடம். உள்ளே கோதுமை அவிக்கிற வாசனை வந்தது. செத்தவருக்குப் படைக்கிற கோதுமை. கதவில் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. சன்னல் திரை விலகியது. இஸ்க்ரா நின்று, நான் எழுதி முடிக்கும்வரை பார்த்தாள். பிறகு திரையை மூடிவிட்டாள். கதவு திறக்குமா என்று கொஞ்ச நேரம் படியிலேயே நின்றேன். திறக்கவில்லை.